கசக்கும் கிளைசின்

செவ்வாய், இரவு.

தூக்கம் வராத என் வீட்டுக்காரருக்கு வில்லியனூர் ஜிம்காரன் ஒருவன் கிளைசின் பவுடர் கொடுத்திருக்கிறான். அமினோ அமிலமாம், பக்கவிளைவே கிடையாதாம். முதல் டப்பா இனித்தது; தூக்கம் சுமார்தான். நேற்றிரவு புது டப்பாவிலிருந்து ஒரு ஸ்பூன் கரைத்துக் குடித்தவர், இன்று காலையில் நான் உலுக்கியும் எழவில்லை. மதியம்தான் கண் திறந்தார். நாக்குக் குழறியது.

பவுடரை நுனிநாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரே கசப்பு. ஜிம்காரனுக்குப் போன் போட்டேன்.

“புது ஸ்டாக்கு அப்படித்தான்க்கா இருக்கும்.”

“அப்போ நீ குடுக்கும்போதே சீலு இன்னாத்துக்குபா பிரிஞ்சி கெடந்துச்சி?”

போனை வைத்துவிட்டான்.

தூக்க மாத்திரையை இடித்துக் கலந்திருப்பானோ? நாளை பாகூர் ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்ட வேண்டும். டப்பாவை பீரோவில் பூட்டிவிட்டேன்.

“தூக்கம் வரலடி, அந்தப் பவுடர் எங்க?” என்று கோபமாகக் கேட்டுக்கொண்டே புரள்கிறார். புரளட்டும். விழித்துக்கொண்டாவது இருக்கிறாரே.