ஓட்டுப்பெட்டி எதிர்வீட்டுக்கு வந்த நாள்

மாமா,

இன்று காலை ஓட்டுப் போடக் கிளம்பும்போது, நல்ல சேலை ஒன்றை எடுக்கலாம் என்று தகரப்பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாடை முகத்தில் அடித்தது. எல்லாவற்றுக்கும் மேலே உங்கள் வெள்ளைச் சட்டை இருந்தது. கடைசியாக அதை மடித்தவர் நீங்கள்தான். மேல் பொத்தானைப் போட்டு, கை இரண்டையும் பின்பக்கம் தள்ளி, நாலாக மடித்திருந்தீர்கள். சேலையை மறந்துவிட்டு அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் உங்களுக்கு வேறு சட்டைகள் இருந்தன. இது ஓட்டுப் போடுவதற்கு மட்டும். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பாக இருந்தது. அய்யலூர் வியாழன் சந்தையில் ஆட்டுத் தரகு பார்க்கிற மனிதர், வாரம் முழுக்க ஆட்டு வாடையோடு திரிகிறவர், அன்றைக்கு மட்டும் மாப்பிள்ளை போலக் கிளம்புவார். யாருக்குப் போட்டீர்கள் என்று ஒரு முறை கேட்டேன். சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள், துண்டைப் போட்டு மூடி அதற்குள் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள் என்று அன்றுதான் எனக்கு விளக்கினீர்கள். "துண்டுக்குள்ள புடிச்ச விரல வெளிய காட்டக் கூடாது தாயி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டீர்கள்.

நீங்கள் வாயைத் திறக்காவிட்டாலும், சாக்கடை கட்டித் தருகிறேன் என்று சொன்னவரை இரண்டு தேர்தல் நம்பினீர்கள் என்பது என் சந்தேகம். மழை பெய்து தெருவில் தண்ணீர் நின்றபோது நீங்கள் திட்டிய திட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒவ்வொரு தேர்தலிலும் உங்களைச் சீண்டுவேன். ஒருத்தர் ஜெயித்துவிட்டு ஐந்து வருஷம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, இன்னொருத்தர் வேட்டிக்கரை மாற்றுவதுபோல் கட்சி மாற்றுகிறார், எல்லாமே நோஞ்சான் ஆடு, இதில் எதைப் பிடிப்பது என்று கேட்டேன். உங்களுக்குக் கோபமே வரவில்லை.

"நோஞ்சானாத்தான் இருக்கும். நீ எதுவும் புடிக்கலைன்னு வெறுங்கையோட வந்துட்டேன்னு வையி, அது சந்தையிலயேவா நிக்கும்? எவனாவது நம்ம தெருவுக்குத்தான் ஓட்டிட்டு வருவான். இருக்கிறதுல எது நடந்து வீடு வந்து சேரும்னு பாக்கணும், அம்புட்டுத்தான்."

இன்னொன்றும் சொன்னீர்கள். வேட்பாளர் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போன ஒரு நாள், அவர் கும்பிட்டது நம்மை இல்லை, லிஸ்டில் இருக்கிற நம் பேரை என்றீர்கள். பேர் இருக்கிறவரைக்கும்தான் எவனும் இந்த வாசலுக்கு வருவான் என்றும் சொன்னீர்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இடுப்பு எலும்பு முறிந்து நீங்கள் கட்டிலோடு ஆனபின் வந்த தேர்தலில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். நம் தெருவின் வாக்காளர் லிஸ்டைப் பார்த்துக்கொள்கிற அங்கன்வாடி டீச்சர் ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். எண்பத்தைந்து வயது தாண்டியவர்கள் வீட்டிலிருந்தபடியே ஓட்டுப் போடலாம், இந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தால் பெட்டியோடு வந்து வாங்கிக்கொள்வார்கள் என்றார். நீங்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தீர்கள். உங்களை எழுப்பிக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. யார் வந்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை, அவருக்கு முடியாது, வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பெரிய கொள்கைக்காரி மாதிரி பேசினேன். உண்மை வேறு. குழாயில் தண்ணீர் வந்து பல நாள் ஆகியிருந்தது. உங்கள் மகன் வெங்காய லோடு ஏற்ற லாரியோடு வடக்கே போயிருந்தார். உங்களைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, அந்த அறையைக் கழுவி, வீடியோ கேமராவோடு வருகிற ஆபீசர்களை அதற்குள் கூப்பிட எனக்கு அலுப்பாக இருந்தது. வேட்பாளர்கள் மேல் இருந்த வெறுப்பு என்னுடையது, ஓட்டு உங்களுடையது. அந்த வித்தியாசம் எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

பெட்டி வரப்போகிற விஷயம் எதிர்வீட்டுப் பெரியம்மாவின் மகன் மூலம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அன்று காலை முகச்சவரம் செய்துவிடச் சொன்னீர்கள். பிறகு வெள்ளைச் சட்டையைக் கேட்டீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சட்டையைத் தேய்த்துக் கொடுத்தேன் மாமா. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தேய்த்துக் கொடுத்தேன். தலையணையில் சாய்ந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

வேன் வந்தது. இரண்டு ஆபீசர்கள், ஒரு போலீஸ்காரர், கேமராக்காரர், அட்டை மறைப்பு, பெட்டி எல்லாம் எதிர்வீட்டுக்குள் போய்விட்டு வெளியே வந்தன. உங்களைவிட வயதில் இளைய பெரியம்மா சத்தமாகச் சிரித்தது நம் வீடு வரை கேட்டது. வேன் கிளம்பிப் போய்விட்டது. தெருமுனையில் திரும்பி வருவார்களோ என்று சோற்று நேரம் வரை பார்த்திருந்தீர்கள்.

நான் தட்டோடு வந்தபோது, "நம்ம வீட்டுக்கு வரலையேம்மா" என்றீர்கள். நான் குழம்பை ஊற்றினேன். "எம் பேர எடுத்துட்டாங்களோ?"

"எடுத்திருப்பாங்க மாமா" என்றேன்.

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். செத்துப்போனவர்கள் பெயரைத்தான் எடுப்பார்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். "இருக்கிறப்பவே எடுத்துட்டாங்களா" என்று மட்டும் கேட்டீர்கள். அது என்னிடம் கேட்டதுபோல் இல்லை. பிறகு பொத்தான்களை நீங்களே கழற்ற ஆரம்பித்தீர்கள். நான் உதவ வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினீர்கள். சட்டையை மடித்து என்னிடம் நீட்டினீர்கள்.

அதற்குப் பிறகும் வாக்குப்பதிவுக்குச் சில நாட்கள் மிச்சம் இருந்தன. ஆட்டோ பிடித்து உங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போயிருக்கலாம், சக்கர நாற்காலி அங்கேயே இருந்தது. ஆனால் போனால் பெயர் இருப்பது தெரிந்துவிடுமே. ஒரு பொய்யைக் காப்பாற்ற உங்களை வீட்டிலேயே வைத்தேன். என் விரலில் மை இருந்தால் உங்கள் கண்ணில் படும் என்று நானும் போகவில்லை.

அதன் பிறகு நீங்கள் பேப்பர் கேட்கவில்லை. டிவியில் எந்தத் தலைவரையும் திட்டவில்லை. வீட்டில் எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்மா" என்றீர்கள். யாராவது வாசலில் வந்து உங்களைக் கேட்டால் முன்பெல்லாம் உள்ளேயிருந்தே குரல் கொடுப்பீர்கள், அதையும் விட்டுவிட்டீர்கள். வயதாகிவிட்டது என்று உங்கள் மகன் நினைத்தார். எனக்குக் காரணம் தெரியும். அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. ஐப்பசி மழையில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள்.

காரியம் எல்லாம் முடிந்து சில மாதம் கழித்து அதே டீச்சர் வந்தார். "தாத்தா பேரு இன்னும் லிஸ்ட்ல இருக்குக்கா, எடுக்கணும், ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று போனில் உங்கள் போட்டோவைக் காட்டினார். அதில் நீங்கள் அந்த வெள்ளைச் சட்டையில்தான் இருந்தீர்கள். எனக்குப் பேனா ஓடவில்லை. டீச்சர் நான் துக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்து என் தோளைத் தொட்டார். உங்கள் பெயரை இரண்டு முறை எடுத்தவள் நான்தான், மாமா. முதல் முறை எடுத்தபோது நீங்கள் உயிரோடு இருந்தீர்கள்.

இந்தத் தேர்தலிலும் ஆட்கள் ஒன்றும் மாறிவிடவில்லை. குழாயில் தண்ணீரும் அதே கதைதான். வெயிலில் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நின்ற பெண், எவனுக்குப் போட்டும் என்ன ஆகப்போகிறது என்று என்னிடம் அலுத்துக்கொண்டாள். அச்சு அசல் என் வாய். அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

உள்ளே ஆபீசர் என் பெயரைப் படித்துக் கோடு போட்டார். தாளில் என் பெயருக்கு மேலே உங்கள் மகன் பெயர். அதற்கும் மேலே, உங்கள் இடத்தில், வேறு வீட்டுக்காரர் ஒருவர். மை வைக்கக் கையை நீட்டச் சொன்னது எனக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, இரண்டாம் முறை சத்தமாகச் சொன்னார்கள். மறைப்புக்குப் பின்னால் நின்று எது நடந்து வீடு வந்து சேரும் என்று பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். யாருக்குப் போட்டேன் என்று உங்களிடம்கூடச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கே, குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியது. உங்கள் பெயரை யாரும் எடுக்கவில்லை, மாமா. எங்கள் இரண்டு பேர் பெயருக்கும் மேலே, போட்டோவோடு இருந்தது. நீங்கள் பொத்தானைக் கழற்றியபோதும் இருந்தது.