குப்பைவாளிக்குப் பின்னால் நின்ற பனிமலை

5 மே 2025, திங்கள்

வங்கி விடுமுறை. அக்காவின் மகள் யசோதினி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தாள். பல்கலைக்கழகத்தில் பனியாறுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. மலையிடுக்கில் காலங்காலமாகக் கட்டிக் கிடக்கிற ஐஸ்தான் பனியாறு, அது வருடத்துக்கு வருடம் உருகிப் பின்வாங்குகிறது என்று எனக்கே விளங்கப்படுத்தினாள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் லண்டனில், பிளேஸ்டோத் தமிழரில் ஐஸ்மலை ஏறியவன் நான் ஒருவன். எட்மண்டனையும் சேர்த்துச் சொல்லலாம். ஸ்ட்ரெதத்தை இன்னும் விசாரிக்கவில்லை.

சாட்சி சுவரில் தொங்குகிறது. சுவிஸ், 1986. கறுப்புக் கோட்டோடு நான், பின்னால் நீல ஐஸ், கோயில் மதில் உயரத்துக்கு. கலியாணம் பேசும்போது ஊருக்கு அனுப்பிய படம். "மூன்று மணித்தியாலம் ஏறி மலை உச்சியில் நிற்கிறேன்" என்று பின்பக்கத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் கனகாம்பிகை வீட்டில் சம்மதித்தார்கள். அவள் லண்டன் வந்தபோது படத்தைக் கைப்பைக்குள் வைத்துத் திரும்பக் கொண்டு வந்தாள்.

"இது எந்த இடம் மாமா?"

"ஸ்டைன்மாட்."

பிள்ளை கறி பட்ட கையோடு எழும்பிவிட்டாள். அந்த ஊரில்தான் இப்போது வழக்காம். ஒரு ஸ்கீ கொம்பனி, தலைமை அலுவலகம் இங்கே லண்டனில், பனியாறு உருகி வருகிற தண்ணீரை மேலேயே மறித்துக் குளம் கட்டப் போகிறது. எதற்கு? மாரியில் மெஷினால் செயற்கைப் பனி தூவ! கீழே சனம் குடிக்கிற ஊற்று வற்றுகிறது, இவர்களுக்குச் சறுக்கி விளையாடத் தண்ணீர் வேண்டும். கேட்டவுடன் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் தரம் போட்டதை மட்டும் சாப்பிட்டேன்.

ஊற்று இருக்கிற அந்த ஊர் ஓட்டல் பக்கம் ஐஸ் நூறு வருடமாக இல்லை, ஊற்றில் வருவது மழைத் தண்ணீர், பனியாற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இது கொம்பனியின் கதை.

"ஓட்டலுக்குப் பக்கத்திலை ஐஸ் நிண்டதுக்கு ஒரு படம் கிடைச்சால் போதும் மாமா, அவன்ரை கதை பொய்யாப் போயிடும். நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

கனகாம்பிகை ரசம் ஊற்றிக்கொண்டு நின்றாள்.

"உச்சியிலை," என்றேன். "செருப்போடை ஏறினனான். பாதி வழியிலை ஓநாய் வேறை."

பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப பிரயோசனமில்லை. மேலை இப்பவும் ஐஸ்தானே."

6 மே

ஓநாயைச் சேர்த்திருக்கத் தேவையில்லை.

12 ஜூன், வியாழன்

பொறுக்க ஏலாமல் கொம்பனி அலுவலகத்துக்கே போனேன். கண்ணாடிக் கட்டடம். உள்ளே சுவரில் தண்ணீர் வழிந்து ஓடுகிறது, அழகுக்காம்! ஊர்ச்சனத்தின் வாயில் இல்லாத தண்ணீர் இவன்களுடைய சுவரில். நான் போட்ட சத்தத்தில் பதினாலு மாடியும் இறங்கி வந்தது.

சரி, இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் காவலாளி. மற்றவர் குடையை மறந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தவர். அப்பொயின்ட்மென்ட் இருக்கிறதா என்று காவலாளி கேட்டான். தண்ணிக்கு ஏனடா அப்பொயின்ட்மென்ட்? தமிழில்தான் கேட்டேன். அவனுக்கு விளங்கியிருக்கும்.

திரும்பும்போது ரயிலில் யோசனை ஓடியது. பொய்ப் பனி செய்து சனத்தை ஏமாற்றுகிறான்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். பொய்ப் பனி... வேண்டாம். இதை இங்கே எழுதவில்லை.

9 ஜூலை, புதன்

எனக்கு ஜெர்மன் தண்ணீர் பட்ட பாடு என்று முன்பு சொல்லியிருந்ததை நம்பி, யசோதினி ஒரு நம்பர் தந்தாள். ஸ்டைன்மாட்டில் ஊருக்காக வழக்குப் பேசுகிற ஒரு கிழவி, நீங்களே கதையுங்கோ மாமா என்றாள். கேட்டால் ஓரளவுக்கு விளங்கும், கதைக்கத் தெரிந்ததெல்லாம் குசினி ஜெர்மன்: சட்டி, சூடு, கெதியாய், இன்னும் அழுக்கு.

எடுத்தால் — மார்த்தா! நான் வேலை செய்த அந்த ஓட்டல் குசினியின் தலைமைச் சமையற்காரி. எண்பத்து மூன்று வயது. என் குரலைக் கேட்டதும் "ஷண்மு?" என்றாள். முப்பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு!

கல்தொட்டி வற்றிவிட்டதாம். அந்தத் தொட்டியில்தான் நான் சட்டி கழுவினேன். ஊற்றுத் தண்ணீர் அப்படிப் பாயும், ஒரு சட்டி கழுவி முடிக்க முதல் விரல் விறைத்துவிடும், நான் திட்டாத நாளில்லை. இப்போது ஓகஸ்டில் மாட்டுக்குத் தண்ணீர் லொறியில் வருகிறது. இருபத்தொரு மாட்டில் ஒன்பதை விற்றுவிட்டாள்.

ஐஸ் குசினிக் கதவடியில் நின்றது என்று வழக்கை விசாரிக்கிற கமிட்டிக்குச் சொன்னாளாம். கிழவியின் ஞாபகம் ஆதாரமில்லை என்று கொம்பனிக்காக வாதாடுகிற அப்புக்காத்து சொல்லிவிட்டானாம். "எல்லாரும் முன்பக்கத்தைத்தான் படம் எடுத்தார்கள், ஷண்மு. குப்பைவாளிப் பக்கத்தை யார் எடுப்பார்?"

சொல்ல வாய் எடுத்தேன். எனக்கு ஜெர்மன் வரவில்லை.

10 ஜூலை

தமிழிலும் வரவில்லை.

13 ஜூலை, ஞாயிறு

எட்மண்டனுக்குப் போனேன், குகதாசனிடம். அந்த ஓட்டலில் என்னோடு சட்டி கழுவியவன் அவன். படம் எடுத்ததும் அவன்தான். இங்கேயாவது உண்மையை எழுதிவைக்கிறேன். நான் ஒரு மலையும் ஏறவில்லை. குசினிப் பின்கதவடியில் நின்று எடுத்த படம். இடப்பக்கம் கதவும் குப்பைவாளியும், கீழே என் ஏப்ரன். ஊருக்கு அனுப்ப முதல் அதையெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். அப்போது எல்லாரும் செய்ததுதான். யாரோ ஒருவனின் காரில் சாய்ந்து நின்று படம் எடுத்து, என்னுடைய கார் என்று எழுதாதவன் யார்? நான் யாரோ ஒருவனின் மலையில் சாய்ந்தேன். கோட்டும் மார்த்தாவின் புருஷனுடையது.

வெட்டாத படம் குகதாசனின் பிஸ்கட் ரின்னுக்குள் இருந்தது.

"டேய் சண்முகம், உச்சிக்குக் குப்பைவாளியை ஆர் தூக்கினது? நீயோ, ஓநாயோ?"

"சிரியாதை. கமிட்டிக்குக் குடுக்கப்போறன்."

அவன் சிரிப்பை நிறுத்தினான். "வீட்டிலை சொல்லிப்போட்டியோ?"

"இல்லை."

"கெட்டாய் போ."

வரும் வழியில் யசோதினி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பிள்ளை ஏசவில்லை. வெட்டாத படத்தைக் கண்டதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் ஒன்று கேட்டாள்: "வெட்டின படத்தையும் குடுக்கவேணும் மாமா, பின்பக்கத்து எழுத்தோடை. நாங்கள் ஒண்டை ஒளிச்சால் முழு வழக்கும் கெட்டுப்போகும்."

கனகாம்பிகைக்கு நாளைக்குச் சொல்லுவேன்.

10 செப்டம்பர்

நாளைக்கு விசாரணை. இன்னும் சொல்லவில்லை.

11 செப்டம்பர், வியாழன்

விசாரணை யசோதினியின் லப்டொப்பில், எங்கள் வரவேற்பறையில். கலியாணக் கோட்சூட் போட்டேன். அந்தப் பக்கம் கமிட்டியில் ஐந்து பேர், கொம்பனி அப்புக்காத்து, தமிழ் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளர்.

கதவிலிருந்து ஐஸ் எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். இருபது என்று சொல்ல வாய் உன்னியது. இருபது நல்லாயிருக்கும். அடக்கிக்கொண்டேன்.

"நாற்பத்தொரு காலடி. மீன் பெட்டிக்கு ஐஸ் உடைக்க ஒவ்வொரு விடியவும் வாளியோடை போனனான். எண்ணிக்கொண்டுதான் போறது. குளிருக்கு வேறை என்ன செய்யிறது?"

பிறகு அப்புக்காத்து வந்தான். ஊரின் தண்ணீரைக் களவெடுக்கிறவனுக்கு எவ்வளவு மரியாதையான குரல்! படத்தின் பின்பக்கத்துப் பிரதியைத் தூக்கிக் காட்டினான். மூன்று மணித்தியாலம் ஏறியதாக உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்குப் பொய் சொன்னீர்களா, இன்றைக்குச் சொல்கிறீர்களா?

அந்த நேரம் பார்த்துக் கனகாம்பிகை தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றாள்.

கோட்சூட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

"அண்டைக்கு," என்றேன். "அண்டைக்குத்தான் பொய்."

"ஏன்?"

"சட்டி கழுவுறன் எண்டு எழுதினால் ஆர் ஐயா பொம்பிளை தருவினம்?"

மொழிபெயர்ப்பாளர் ஒரு தரம் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் சொன்னார். கமிட்டியில் ஒரு அம்மா சிரித்தா. எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "நான் சட்டி கழுவினவன். அதாலைதான் ஐஸ் எங்கை நிண்டதெண்டு எனக்குத் தெரியும். முன்பக்கத்திலை கதிரை போட்டுக் கோப்பி குடிச்சவைக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அந்தத் தொட்டித் தண்ணியிலை கையை வைச்சுப் பாத்தனீங்களோ ஒரு நாளாவது?"

முடிந்து திரும்பிப் பார்த்தேன். தட்டு மேசையில் இருந்தது. ஆள் இல்லை.

12 செப்டம்பர்

சோறு மேசையில் இருக்கிறது. பேச்சு இல்லை. படம் தொங்கிய இடத்தில் ஆணி மட்டும்.

14 செப்டம்பர், ஞாயிறு

இன்று வாய் திறந்தாள். நான் எதிர்பார்த்தது வேறு.

"முப்பத்தைஞ்சு வருசமா வாற ஆக்களுக்கெல்லாம் நானுமெல்லே சேர்ந்து சொன்னனான்! தங்கச்சிக்குப் போன கிழமைதான் ஓநாயும் சொன்னனான். இப்ப என்ரை முகத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

நான் வெங்காயத்தை உரித்துக் கொடுத்தேன்.

"ஓநாயாவது உண்மையோ?"

"ஒரு நாய் நிண்டது."

வெங்காயத்தை வெட்டி முடித்தாள். பிறகு, என்னைப் பார்க்காமல்: "மலைக்காக நான் ஓம் சொல்லேல்லை. பெடியனுக்கு நல்ல கோட்டு இருக்கு, குளிருக்கை விட்டுப்போட்டுப் போகமாட்டான் எண்டு அம்மா சொன்னவ."

கோட்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. ஒரு கிழமைக்கு ஒரு உண்மை போதும்.

22 நவம்பர், சனி

தீர்ப்பு வந்துவிட்டது. குளத்துக்கு அனுமதி இல்லை. உருகி வருகிற தண்ணீர் முதலில் ஊருக்கு. கதவும் வாளியும் தெரிகிற படத்தைப் பெயர் சொல்லியே தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். கொம்பனி மேன்முறையீடு செய்யுமாம். செய்யட்டும், எனக்கு இன்னும் ஒரு கோட்சூட் இருக்கிறது.

துள்ளிக்கொண்டிருந்த என்னை யசோதினிதான் இருத்தினாள். "குளத்தைத்தான் நிப்பாட்டினாங்கள் மாமா. உருகிறதை அந்தக் கமிட்டியாலை நிப்பாட்ட ஏலாது." அப்ப எந்தக் கமிட்டியாலை ஏலும்? ஆரிட்டைப் போய்க் கத்துறது? எந்தக் கட்டடம்? சொல்லு, நாளைக்கே போறன் என்றேன். பிள்ளை லப்டொப்பை மூடினாள்.

மார்த்தா ஒரு படம் அனுப்பியிருந்தாள். யாரோ அயலவர் எடுத்தது. குசினிப் பின்கதவடியில், நான் நின்ற அதே இடத்தில் நின்று சிரிக்கிறாள். கனகாம்பிகை அதையும் குகதாசனின் வெட்டாத படத்தையும் ஒரே சட்டத்துக்குள் வைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். நெடுநேரம்.

"இஞ்சருங்கோ. இந்த மனிசி போட்டிருக்கிற கோட்டு..."

நான் பக்கத்தில் போய் நின்றேன். கதவு அதே கதவு. கோட்டு அதே கோட்டு. மார்த்தாவுக்குப் பின்னால், கண்ணுக்கெட்டிய மட்டும், கல்.