யாமினியின் முதல் பாட்டு

யாமினிக்கு,

திருத்தணியிலிருந்து நைனா எழுதுகிறேன்.

டி.வி.யில் உன் பேட்டியைப் பார்த்தேன். ஆடிக் கிருத்திகைப் பம்பை மேளத்தையும் அம்மாவின் தெலுங்குத் தாலாட்டையும் செல்போனில் கலந்ததுதான் உன் முதல் பாட்டு என்றாய். அந்தச் செல்போனை நான் கிணற்றில் எறிந்ததை ஏன் சொல்லவில்லை? பெங்களூரு கிளப்பில் குடித்துவிட்டு உன் பாட்டுக்கு ஆடுகிறவர்களும் தெரிந்துகொள்ளட்டுமே.

நீ வீட்டைவிட்டுப் போன பிறகும் உன் அம்மா திருந்தவில்லை. படுத்த படுக்கையான பிறகும் அதே பேச்சுதான்.

"இன்னாங்க, கொழந்த போட்ட பாட்ட ஒருவாட்டி போடுங்க. கேட்டுகினே படுத்துனு இருக்கறேன்."

நான் போடவில்லை. பேச்சு குழறத் தொடங்கிய அன்று, "அவளுக்கு ஒரு போன் பண்ணுங்க" என்றாள்.

"ஆங், பண்றேன்" என்றேன். பண்ணவில்லை.

அடுத்த மாதம் அம்மாவை அழைத்துவந்து உன் மேடையில் உட்கார வைக்கப்போவதாகப் பேட்டியில் சிரித்துக்கொண்டே சொன்னாய். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவளுக்கு டிக்கெட் எடுக்காதே. காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்களும் ஊர் திரும்பிவிட்டார்கள்.

பெண் எங்கே என்று எல்லாரும் கேட்டார்கள். சொல்லி அனுப்பியும் நீ வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் நைனா