உயிரோடு இருப்பதற்கான அரபுச் சொல்

புதன்கிழமை, ஐப்பசி 12

அரபு நாட்டுக்குப் போர்வெல் ரிக் வண்டி ஓட்டப் போன என் வீட்டுக்காரரிடமிருந்து மூன்று வருடமாகப் பேச்சே இல்லை. அவரைத் தேடித் தரச் சொல்லி நான் போட்ட மனுவுக்கு இப்போதுதான் அந்த நாட்டு அரசிடமிருந்து பதில் வந்திருக்கிறது. இன்று அதைச் செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்கடை பாயிடம் கொண்டுபோனேன். அவருக்கு அரபு படிக்கத் தெரியும்.

ஒரு சொல்லில் அவர் விரல் நின்றது. "கைத்" என்று வாசித்தார்.

"ஏனுங்க, கைது பண்ணிட்டாங்களா?"

"இல்லம்மா. நம்ம கைது, கைதி எல்லாம் இதுல இருந்து வந்ததுதான். இதுக்கு மூல அர்த்தம் கால்ல போடுற விலங்கு. பதிவேட்டுல பேர் ஏத்துறதுக்கும் இதே சொல்லுதான். ஒருத்தர் உயிரோட இருந்தா, 'வாழ்க்கைங்கிற விலங்குல இருக்கார்'னு எழுதுறது அரபு வழக்கம். உன் வீட்டுக்காரர் நல்லா இருக்காரும்மா."

அடுத்த வரியை மெதுவாகப் படித்தார். குடும்பத்துக்குத் தன் முகவரியைத் தர வேண்டாம் என்று என் வீட்டுக்காரரே எழுதிக் கொடுத்திருக்கிறாராம். பாய் என் முகத்தைப் பார்க்காமல் கடிதத்தை மடித்துத் தந்தார்.

புதுச்சத்திரம் வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் முதல் சேதியை மட்டும் சொன்னேன். அத்தை அழுதுகொண்டே என் நெற்றியில் குங்குமம் வைத்தார்.

"எம்பையன் உசுரோட இருக்கறானே, அது போதுஞ்சாமி. இனி உங்கப்பன் ஊட்டுக்குப் போறேன்னு பேசாதே. அவன் வர்ற வரைக்கும் இங்கயே இரு."

"சரிங்கத்தை" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துப்போக அண்ணன் வருவதாக இருந்தது. வர வேண்டாம் என்று போன் செய்தேன். அத்தை பக்கத்திலேயே நின்றார். ஏன் என்று அண்ணன் இரண்டு தடவை கேட்டான். அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னேன்.

அவனும் சந்தோஷப்பட்டான்.