எனக்குள் ஒரு வெளிநாட்டு மாடு

ஜூலை 14, திங்கள்

பழுதானது இதயம். பிடுங்கியது பல்.

எழுதும்போதே சிரிப்பு வருகிறது. சிரித்தால் இரத்தம் கசிகிறது. வால்வு மாற்றுவதற்கு முன்னால் வாயில் சொத்தைப் பல் இருக்கக்கூடாதாம். பல்லில் இருக்கிற கிருமி இரத்தத்தோடு போய்ப் புது வால்வில் குடியேறிவிடுமாம். கடைவாயில் இரண்டு போய்விட்டன. வாயில் பஞ்சோடு கல்முனை பஸ் தரிப்பில் நின்றபோது, முன்பள்ளியில் என்னிடம் படித்த ஒருத்தி ஓடி வந்தாள். "டீச்சர், உங்களுக்கு இதயத்தில வருத்தம் எண்டாங்க. இதென்ன, பல்லா?" பஞ்சுக்குள்ளால் ஏதோ சொன்னேன். என்ன விளங்கியதோ, அழுதுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து பஞ்சை எடுத்தேன். இவர், என் வீட்டுக்காரர், எட்டிப் பார்த்தார். சந்தையில் ஆயுள் முழுக்க மாட்டிறைச்சிக் கடை நடத்துகிற மனிதர், கலந்தர் காக்காவின் கத்தி என்றால் ஊரில் தனி மரியாதை. அப்படிப்பட்டவர் என் வாய் இரத்தத்தைக் கண்டு கதிரையில் சரிந்துவிட்டார். மகள் அம்ஹா எனக்கு ஆற்றி வைத்திருந்த பாலை அவருக்குப் பருக்கினாள்.

பசியோடு எழுதுகிறேன்.

ஜூலை 17, வியாழன்

அடுத்த கிளினிக்கில் எந்த வால்வு என்று முடிவு சொல்ல வேண்டும். உலோக வால்வு தேயாது. ஆனால் இரத்தம் உறையாமலிருக்க கண் மூடி மௌத்தாகும்வரை மாத்திரை, அடிக்கடி இரத்தப் பரிசோதனை. மாட்டு வால்வில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் அதுவும் பழுதாகும். எனக்கு அறுபத்துமூன்று வயது. கூட்டிப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது. டொக்டர் கேட்டால் என்ன சொல்வது? நான் எவ்வளவு காலம் இருப்பதாக உத்தேசம்?

மத்தியானம் இவர் ஒரு பையோடு வந்தார். உள்ளே மாட்டு இதயம்.

"இஞ்ச வா புள்ள. உனக்கு விளங்கப்படுத்திறன்."

குசினியில் பலகையை வைத்து, இரண்டாகப் பிளந்து, விரலை விட்டுக் காட்டினார். "இதான் கதவு. ரத்தம் இதால போகும், திரும்பி வர ஒண்ணா. உன்ட கதவு துருப்புடிச்சுப்போய்த் துறக்குதில்ல."

நன்றாகத்தான் விளங்கியது. அம்ஹா தன் போனில் ஒரு படத்தை எடுத்துப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள். "வாப்பா, உம்மாக்குப் பழுது இடப் பக்கம். நீங்க காட்டுறது வலப் பக்கம்."

இவர் பலகையைத் திருப்பி வைத்துப் பார்த்தார். "மாடு அங்கால பாத்து நிண்டா?"

இரவு அதையே கறியாக்கினோம். மென்மையாக இருந்தது. மிச்சமிருக்கிற பல்லால் இரண்டு துண்டு சாப்பிட்டேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். நாளைக்கு நமக்கு உதவப் போகிற இனம்.

ஜூலை 20, ஞாயிறு

நோய் விசாரிக்க வந்தவர்கள் கொண்டுவந்த தோடம்பழத்தில் ஒரு கடை போடலாம். ஆளுக்கொரு வால்வுக் கதையும் கொண்டுவந்தார்கள். எல்லாக் கதையின் முடிவிலும் ஒரு ஜனாஸா அடக்கம்.

ஜூலை 29, செவ்வாய்

கண்டிக்குப் போய் வந்தோம். மருமகன் அஸ்கிதான் வேன் ஓட்டினார். மகியங்கனை தாண்டி மலைப்பாதையில் வளைவுகள் தொடங்கியதும் இவர் வாந்தி. நோயாளியான நான் அவருக்குத் தலை பிடித்துக்கொண்டேன்.

சத்திரசிகிச்சை டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அமைதியான மனிதர். நான் மாட்டு வால்வு என்று சொன்னேன். மௌலவியிடமும் கேட்டுவிட்டோம், தடையில்லை என்றார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் இவர் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டார்.

"டொக்டர், அது காளையா பசுவா?"

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "ஐயா, இவ்வளவு காலத்தில ஒருத்தரும் என்னட்ட இதைக் கேக்கேல்லை."

"எந்த ஊர் மாடு?"

"வெளிநாட்டில செய்து, பதப்படுத்தி, போத்தல்ல வருது."

"போத்தல்லயா! டொக்டர், எங்கட பக்கம் வரிப்பத்தான்சேனையில வயல்ல மேஞ்ச நல்ல மாடு இரிக்கி. வேணுமெண்டா நான் வெள்ளன அறுத்து, ஐஸ் போட்டுக் கொண்டுவந்து தாறன்."

டொக்டர் சுவர்ப் பக்கம் திரும்பி என் ஸ்கேன் படத்தை வெகுநேரம் பார்த்தார். தோள் குலுங்கியது. பிறகு திரும்பி, எனக்கு வைக்கப் போவது மாட்டின் வால்வே அல்ல, இதயத்தைச் சுற்றி இருக்கிற சவ்வை வெட்டி வால்வு மாதிரித் தைத்தது என்று சொன்னார்.

இவர் முகம் விழுந்துவிட்டது. "அந்தச் சவ்வா? அத நாங்க பூனைக்கெல்லவா எறியிற!"

 எனக்கு ஊரிலுள்ள பூனைகள் எல்லாம் வரிசையாக நினைவில் வந்தன.

பிறகு டொக்டர் சத்திரசிகிச்சை எப்படி நடக்கும் என்று சொல்லத் தொடங்கினார். நெஞ்செலும்பை நடுவால் அரிந்து திறப்போம் என்றார். பக்கத்தில் 'தொம்' என்று சத்தம். இவர் மேசை விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டு நிலத்தில் கிடந்தார். புருவத்துக்கு மேலே தையல். சக்கர நாற்காலியில் இவரை இருத்தி, நானே தள்ளிக்கொண்டு போனேன். பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது. அஸ்கி வாங்கிக்கொண்டார்.

எதிரே வந்த தாதி இவரிடம்தான் கேட்டாள், "உங்களுக்கா ஒப்பரேஷன்?"

ஓகஸ்ட் 18, திங்கள்

வாட்டில் படுத்தாயிற்று. ஜன்னலோரக் கட்டில். அம்ஹா துணைக்கு. இவருக்கு விசிட்டிங் நேரம் மட்டும்தான் அனுமதி. அதுவும் ஊசி போடுகிற நேரம் பார்த்து வெளியே போய்விடுகிறார்.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

அடுத்த கட்டில் செல்லத்தங்கம். ஊர் சொறிக்கல்முனை. கண்டியில் வந்து கிடக்கும்போது நம்முடைய பக்கத்துப் பேச்சைக் கேட்டால் அரை வருத்தம் குறைகிறது. கையில் செபமாலை, வாயில் ஓயாத கதை. அவவுக்கும் வால்வுதான், உலோக வால்வு. என்னைவிட வயது குறைவு.

மூச்சுப் பயிற்சி சொல்லித்தருகிற பிள்ளை வந்தாள். சிங்களப் பிள்ளை. கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் மூன்று பந்து. குழாயை வாயில் வைத்து இழுத்தால் பந்து மேலே எழும்ப வேண்டும். "ஹொந்தட்ட ஹுஸ்ம கன்ன, அம்மா," என்றாள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் 'கன்ன' என்றால் சாப்பிடுவது. "எப்பா மகள், வேணாம்," என்று வயிற்றைத் தடவிக் காட்டினேன். அவள் மறுபடியும் "ஹுஸ்ம கன்ன". நான் மறுபடியும் வயிறு. செல்லத்தங்கத்துக்குச் சிங்களம் தெரியும். சிரித்துச் சிரித்துக் கட்டிலில் புரண்டா. "டீச்சரக்கா, தின்னச் சொல்லல்லகா! மூச்சு எடுக்கச் சொல்றா!"

என் மூச்சுக்கு ஒரு பந்துதான் எழும்பியது. அவவுக்கும் ஒன்றுதான். இரண்டாவது பந்தை ஆர் முதலில் எழுப்புவது என்று பொழுதுபடும்வரை போட்டி. தாதி வந்து இரண்டு பெட்டியையும் பறித்துக்கொண்டு போனாள். முப்பது வருடம் சின்னப் பிள்ளைகளிடம் சாமான் பறித்ததற்குக் கூலி.

ஓகஸ்ட் 20, புதன்

விடியற்காலையில் செல்லத்தங்கத்தைக் கொண்டுபோனார்கள். "மாதா பாத்துக்குவா. நீங்களும் உங்கட ஆளிட்டச் சொல்லிவெய்ங்க," என்றா. அல்லாஹ்விடம் சொல்லிவைத்தேன்.

ஓகஸ்ட் 23, சனி

எழுத மனமில்லை என்று நினைத்தேன். இல்லை, எழுதத்தான் வேண்டும்.

காலையில் பார்த்தால் செல்லத்தங்கத்தின் கட்டில் வெறுமை. புது விரிப்பு. பை இல்லை, செருப்பு இல்லை, அலுமாரிக்கு மேலிருந்த மாதா படமும் இல்லை. அம்ஹா தேத்தண்ணி எடுக்கப் போயிருந்தாள். தாதியிடம் கட்டிலைக் காட்டிக் கேட்டேன். "அம்மா கியா," என்றாள். போய்ட்டா.

இன்னா லில்லாஹி. அப்படியே இருந்துவிட்டேன். மூணு நாளைக்கு முந்திக் கதைச்ச மனுசி. பந்து எழுப்பின மனுசி. அவவுக்கே இப்பிடி எண்டா எனக்கு? ஏன்டா அல்லாஹ், அந்தச் சிரிப்ப ஏன்...

அம்ஹா வந்தாள். நான் அழுவதைப் பார்த்து அவளும் அழுதாள், என்ன ஏது என்று கேட்காமலே. எதிர்க் கட்டில் சிங்களப் பெண்ணும் அழுதாள். மத்தியானச் சோறு யாருக்கும் இறங்கவில்லை. பின்னேரம் சின்ன டொக்டர் வந்து, வாட்டுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன்.

"அவவா? ஐசியுவில இருந்து மேல் வாட்டுக்குப் போயிட்டா. காலமை பாண் கேட்டுச் சண்டை பிடிச்சவ."

போய்ட்டா என்றால் மேல் மாடிக்குப் போய்ட்டா! இந்தச் சிங்களத்தை ஒழுங்காகப் படிக்காமல் விட்டது என் தவறு. எழும்பி அல்லாஹ்வுக்கு ஷுக்ர் சொன்னேன். பிறகு மூடி வைத்த சோற்றை எடுத்து முழுதும் சாப்பிட்டேன்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

நாளைக்கு எனக்கு.

இதயத்தை நிறுத்துவார்களாம். ஒரு மெஷினை வைத்து இரத்தத்தை ஓடவிட்டு, வேலை முடிந்ததும் மறுபடி துடிக்கவைப்பார்களாம். அந்த இடைநேரம் நான் எங்கே இருப்பேன்? ஹயாத்தா, மௌத்தா? ஆரிட்டக் கேக்கிற இத? நிப்பாட்டிப்போட்டுத் திரும்ப ஸ்விச்சப் போட நானென்ன மின்விசிறியா? மறுகா சுத்தாட்டி?

பயம். எழுதிவிட்டேன். போதும்.

பின்னேரம் இவர் வந்தார். பெருநாள் சேர்ட். கட்டிலோரத்தில் நின்று என் போர்வையைச் சரிசெய்தார், சரியாக இருந்த போர்வையை.  அந்த நேரம் பார்த்து டொக்டரும் வந்தார். என்னைச் சோதித்துவிட்டு, ஏதாவது கேட்க இருக்கிறதா என்றார்.

இவர் தொண்டையைச் செருமினார். "டொக்டர், நான் என்ட கத்திய ஒருத்தன்ட கையிலயும் குடுத்ததில்ல. பொறத்தியார் கத்தியையும் நம்புறல்ல. நாளைக்கி இவவ உங்கட கத்திக்கிக் குடுக்கப்போறன்." நிறுத்தி, கீழே பார்த்துக்கொண்டு கேட்டார். "நல்லாத் தீட்டினதா?"

டொக்டர் இந்தமுறை சிரிக்கவில்லை. இவருடைய தோளில் கையை வைத்தார். "நல்லாத் தீட்டியிருக்கு ஐயா. கவலைப்படாதேங்கோ."

இவர் தலையாட்டினார். ஒரு கசாப்புக்காரன் இன்னொருவனை நம்புகிற மாதிரி. டொக்டர் போன பிறகு எனக்கும் பயம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஓகஸ்ட் 30, சனி

இருக்கிறேன். அல்ஹம்துலில்லாஹ். பேனை கனக்கிறது.

செப்டெம்பர் 2, செவ்வாய்

ஐசியுவில் நான் என்னென்னவோ செய்ததாகச் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் நினைவில்லை. மயக்கம் தெளிகிற நேரத்தில் சிலருக்குப் புத்தி பிசகுமாம். நான் தாதிமாரை எல்லாம் வரிசையில் நிற்கச் சொல்லி, "வாயில விரல்!" என்று சத்தம் போட்டேனாம். பிறகு டொக்டரைப் பார்த்து, "எங்க உன்ட கைய நீட்டு பாப்பம்! இதென்ன நகம்? போய்க் கழுவிட்டு வா, மறுகாத்தான் பிஸ்கட்!" என்றேனாம்.

அவர் போய்க் கழுவிவிட்டு வந்தாராம்.

இன்று ரவுண்ட்ஸ் வந்தபோது கட்டிலுக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். "டீச்சர், இண்டைக்கும் கழுவிப்போட்டன்." பின்னால் நின்ற சின்ன டொக்டர்மாரும் ஒவ்வொருவராக நீட்டினார்கள். போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

செப்டெம்பர் 5, வெள்ளி

மேல் வாட்டில் மறுபடியும் செல்லத்தங்கம் பக்கத்துக் கட்டில். அவவுடைய உலோக வால்வு சத்தம் போடுகிறது! வாட்டு அமைதியாக இருந்தால் கேட்கிறது, டிக், டிக், டிக். "எங்கட மனிசன் சொல்றார், இனிப் பொய் சொன்னா எனக்குத் தெரியும், வேகமா அடிக்கும் எண்டு," என்றா. பிறகு என் பக்கம் காதைக் கொடுத்து, "உங்கடயில ஒண்டும் கேக்கல்லயே. அசை போடுதோ என்னவோ," என்றா.

சிரித்தால் நெஞ்செலும்பு பிளக்கிற மாதிரி நோகிறது. தலையணையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டுதான் இருமவும் வேண்டும், சிரிக்கவும் வேண்டும். இரண்டு பேரும் ஆளுக்கொரு தலையணையோடு கண்ணீர் விட்டோம். தாதி ஓடிவந்து, "ஹினாவென்ன எப்பா!" என்றாள். சிரிக்கக்கூடாது. அதை யாரும் மொழிபெயர்க்காமலே எனக்கு விளங்கியது. நடுவில் ஒரு திரையை இழுத்துவிட்டாள்.

திரைக்கு அந்தப் பக்கம்: "ம்மா..."

செப்டெம்பர் 9, செவ்வாய்

வீடு. வழியெல்லாம் வளைவில் அஸ்கி முட்டை ஏற்றிய லொறி மாதிரி ஓட்டினார். இவர் வாந்தி எடுக்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். நான் வாந்தி எடுத்தேன்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

சந்தையில் இவர் வருகிற போகிற எல்லோரிடமும் சொல்கிறாராம்: "என்ட பொண்டாட்டிக்குள்ள இரிக்கிறது வெளிநாட்டு மாடு." அம்ஹாவுக்கு வெட்கம். எனக்குக் கொஞ்சம் பெருமை. பாலமுனையிலிருந்து யாரோ ஒருவர் அந்த மாட்டு இறைச்சி கிலோ என்ன விலை என்று கேட்டாராம்.

இறைச்சியில் ஒட்டியிருக்கிற சவ்வை இவர் இப்போது பூனைக்கு எறிவதில்லையாம். கடைப் பையன்கள் சொன்னார்கள். ஒரு பேப்பரில் சுற்றி, வளவில் குழி தோண்டித் தாழ்க்கிறாராம். கேட்டேன். "சும்மா வாயப் பொத்து," என்றார்.

ஒக்டோபர் 16, வியாழன்

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு இவரோடு கடற்கரைக்குப் போனேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். காற்று நன்றாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை செல்லத்தங்கம் குடும்பத்தோடு சாப்பிட வருகிறா. என்ன சமைப்பது, யாரிடம் மீன் சொல்லிவைப்பது என்று கதைத்துக்கொண்டே நடந்தேன். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன்.

வெகு தூரத்துக்குப் பின்னால், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு தோணியில் சாய்ந்து நின்றார்.

"கொஞ்சம் நில்லு புள்ள! என்னத்துக்கு இந்த ஓட்டம்?"

நான் ஓடவே இல்லை. நடந்தேன், சும்மா நடந்தேன்.

ஈர மணலில் உட்கார்ந்து, அவர் வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.