மூன்றாம் தொட்டியின் படி

என் அன்பான வீட்டுக்காரிக்கு,

நான் இங்கே நலம். நீயும் சின்னக்குட்டியும் நலமாக இருக்க வேண்டும். முன்பல் விழுந்துவிட்டதென்று அவளே போனில் சொன்னாள். பின்னால் நீ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அம்மாவிடம் கொடு என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் சமையலைப் பற்றிக் கவலைப்படாதே. போன வாரம் ஒரே ஒரு சட்டியைத்தான் தீய்த்தேன்.

மூன்று வாரத்துக்கு முன் நம் தங்க ஆலையில் ஒன்று நடந்தது. யாருக்கும் உயிராபத்து இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காலை பதினொரு மணி இருக்கும். தங்கத்தைக் கரைக்கும் சயனைடு தொட்டிகளில் மூன்றாவதன் மேலே சல்லடை அடைத்துக்கொண்டது. நம் ஃபிட்டர் மொட்டையண்ணன் ஸ்பேனரோடு படியேறினார், பின்னாலேயே நானும். பாதிப் படியில் என் சட்டையில் மாட்டியிருந்த, விஷவாயுவைக் காட்டும் கேஸ் மீட்டர் கத்த ஆரம்பித்தது. அதை எங்களுக்கெல்லாம் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்கோ எந்த வாசனையும் தெரியவில்லை. தொட்டியின் காரத்தை அளக்கும் பி.எச். மீட்டரும் எப்போதும்போல் பத்தரை என்றே காட்டியது. மொட்டையண்ணன், "புதுசு இல்லையா, சும்மா கத்துது. அஞ்சு நிமிஷ வேலை, முடிச்சிட்டு இறங்கிடலாம்" என்றார். நானும் அதையே சொல்ல வாயெடுத்தேன்.

அப்போதுதான் அது எந்த இடம் என்று உறைத்தது. சாம்பிள் பாட்டிலோடு நீ நின்று, "கெட்டுப்போன பாதாம் மாதிரி வாடை வருதுங்க, தலை சுத்துது" என்று சொன்ன அதே படி. அன்று கேன்டீனில் அத்தனை பேர் முன்னால், "என் பொண்டாட்டிக்கு மூக்குல கற்பனை ஜாஸ்தி" என்று சொல்லிச் சிரிக்கவைத்தேனே, அதுவும், அதற்கப்புறம் நீ வேலையை விட்டுச் சின்னக்குட்டியோடு கிளம்பிப் போனதும் நினைவுக்கு வந்தன.

மொட்டையண்ணனின் பெல்ட்டைப் பிடித்துக் கீழே இழுத்தேன். "இறங்குண்ணே, அப்புறமா திட்டிக்கோ" என்றேன். சயனைடு வரும் குழாயை நிறுத்தி, சைரனை அழுத்தி, காற்று எதிரே வீசும் பக்கமாக எல்லோரையும் கேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பதினெட்டுப் பேர். மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன்.

காற்று சிலிண்டரும் முகமூடியும் மாட்டிய இரண்டு பேர் உள்ளே போனார்கள். சுண்ணாம்புப் பால் வரும் குழாய் அடைத்துக் கிடந்ததாம். சுண்ணாம்பு குறைந்தால் சயனைடு கரைசலில் தங்காமல் வாயுவாகக் கிளம்பிவிடும் என்பது உனக்குத் தெரியாததா? பி.எச். மீட்டரின் முனையில் வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவதுபோல வெள்ளைப் படலம். அது பாட்டுக்குப் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மொட்டையண்ணனுக்குத் தலைவலி மட்டும்தான். ஆக்சிஜன் கொடுத்து, சாயங்காலம் வரை படுக்கவைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். மறுநாள் வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அன்பாகத்தான், ஆனாலும் இரண்டு நாள் வலித்தது.

மேனேஜர் எகிறினார். மூன்று மணி நேரம் ஆலையை நிறுத்த யாரைக் கேட்டாய் என்றார். விசாரணைக் கூட்டத்தில் நான் எழுந்து, ஒன்பது மாதத்துக்கு முன்பே என் மனைவி இதைச் சொன்னாள், கேலி செய்து அவள் வாயை அடைத்தவன் நான்தான் என்றேன். எங்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க வந்திருந்த டாக்டரம்மா, அந்த வாசனை சிலருக்குப் பிறவியிலேயே தெரியாது, தெரிந்தவர்களுக்கும் கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துவிடும், அதனால் ஒருத்தர் சொன்னால் உடனே போய் அளந்து பாருங்கள் என்றார். பழைய பதிவேட்டை எடுத்தார்கள். உன் கையெழுத்தில் மூன்று குறிப்புகள். மேனேஜரே அவற்றை உரக்கப் படித்தார். அதற்கப்புறம் யாரும் எகிறவில்லை.

இப்போது சுண்ணாம்புக்கு இன்னொரு குழாய் போட்டாகிவிட்டது. தொட்டிக்கு இரண்டு மீட்டர். கழிவுச் சேறு குளத்துக்குப் போகுமுன் சயனைடை முறிக்கும் தொட்டி ஒன்று உண்டல்லவா, அதிலிருந்து வெளிவரும் தண்ணீரை ஷிப்டுக்கு இரண்டு தடவை சோதித்து, அந்த எண்ணை வாசல் கேட்டில் உள்ள பலகையில் எழுதுகிறார்கள். அக்கம்பக்கத்து ஜனங்கள் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள். லிட்டருக்கு ஐம்பது மில்லிகிராமைத் தாண்டினால் ஆலை நிற்க வேண்டும். நேற்று பதினான்கு. குளத்தில் பறவைகள் இறங்காதபடி வலையும் கட்டுகிறோம். என் உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

அந்தச் சோதனைக்கு ஓர் ஆள் வேண்டுமாம், ஆலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தோடு. மேனேஜர் உனக்கு எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். நான் கேட்டு வாங்கியதில்லை. அங்கே உனக்கு நல்ல வேலை, சின்னக்குட்டிக்கு நல்ல பள்ளிக்கூடம். வேண்டாமென்று தோன்றினால் வேண்டாமென்றே அவருக்கு எழுது. நான் நடுவில் வரமாட்டேன்.

எனக்காகக் கேட்பது ஒன்றுதான். பள்ளி விடுமுறைக்கு நான் அங்கே வரட்டுமா? நாலு நாள் போதும். வாசலோடு திரும்பிப் போ என்றாலும் போகிறேன். வரலாமென்றால் ஒரு வரி எழுது. திட்ட வேண்டியிருந்தால் நீளமாகவே எழுது. ஒரு வரி விடாமல் படிக்கிறேன்.

இருவரும் நன்றாக இருங்கள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்