ஊதா மூடிக் குழாய்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த ரிப்போர்ட்டும் கிடைத்தன. ஹீமோகுளோபின் ஏழு புள்ளி இரண்டு. பன்னிரண்டு வருடமாக ஊரார் ரத்தத்தைப் பரிசோதித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். என் மகள் உன் வீட்டுக் குளியலறையில் மயங்கி விழுந்த பிறகு, அவள் உடம்பில் ரத்தமே இல்லை என்பதை நீ எழுதித்தான் தெரிந்துகொள்கிறேன்.

"அப்படி என்னதான் சண்டை? அவளும் வாயைத் திறக்க மாட்டேங்கிறா" என்று கேட்டிருக்கிறாய். போனில் சொல்ல முடியாது, அவள் பக்கத்திலேயே இருப்பாள். படித்ததும் இதைக் கிழித்துவிடு.

இரண்டு மாதமாகவே அவள் சரியில்லை. பள்ளிவிட்டு வந்ததும் சீருடையோடு படுத்துவிடுவாள். எழுப்பினால் எரிந்து விழுவாள். தலைக்குக் குளிக்கிற நாளும் தள்ளிப்போனது. ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ் கட்டியை எடுத்துக் கடித்துக் கடித்துத் தின்றாள். எனக்கு என் பத்தொன்பதாவது வயசுதான் கண் முன்னால் வந்தது. கல்லூரிக் கடைசி வருடத்தில் புளிப்பாக எது கிடைத்தாலும் வாயில் போட்டுக்கொண்டு திரிந்தேனே, அதை முதலில் கண்டுபிடித்தவள் நீதானே.

அவளிடம் நேராகக் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. "ரத்தசோகை இருக்கான்னு பார்த்துடலாம், கையை நீட்டு" என்று சொல்லி வீட்டிலேயே ரத்தம் எடுத்தேன். சிவப்பு மூடிக் குழாயில் எடுத்தேன். ரத்தசோகை பார்க்க ஊதா மூடிக் குழாய் வேண்டும். கர்ப்பமா என்று பார்க்கச் சிவப்பு போதும். லேபில் யாரும் மூக்கை நுழைக்கக் கூடாதென்று என் பெயரையும் என் வயதையும் எழுதி ஒட்டினேன்.

இல்லை என்று வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதேன். வீட்டுக்கு வந்து அவளிடம், "ரத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்கு, சோம்பேறித்தனம்தான் உனக்கு வியாதி" என்றேன். சொன்னேன் அக்கா, இந்த வாயால்தான்.

மறுநாள் வீட்டுச் சாவியை வைத்துவிட்டு வர மறந்துவிட்டேன், அதை வாங்க லேபுக்கு வந்திருக்கிறாள். மெஷின் பார்க்கிற பெண்ணுக்கு வாய் சும்மா இருக்காது. "உனக்குத் தம்பிப் பாப்பா வருதுன்னு ஸ்வீட் கேக்கக் காத்திருந்தோம்டி, உங்கம்மா ரிப்போர்ட் இல்லைன்னு வந்து ஏமாத்திடுச்சு" என்று சிரித்திருக்கிறாள். இவளுக்குப் புரிய எவ்வளவு நேரமாகும்? ஊசி குத்திய இடம் அவள் கையில்தானே இன்னும் நீலமாக இருந்தது.

அந்தப் பெண்ணே இதை என்னிடம் சொன்னதும், கத்துவாள் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். பையில் துணியை அடுக்கிக்கொண்டே மெதுவாகத்தான் கேட்டாள். "அன்னைக்கு நான் வயித்துல வந்தப்ப உன் ரிப்போர்ட்டும் இல்லைன்னு வந்திருந்தா, உனக்கு இதே மாதிரி நிம்மதியா இருந்திருக்கும்லம்மா?" என்றாள். என் கல்யாணத் தேதியையும் தன் பிறந்த தேதியையும் வைத்துக் கணக்குப் போட அவளுக்குத் தெரியாதா? உடனே "இல்லடி" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நொடி தயங்கிவிட்டேன். நீ கேட்ட சண்டை அந்த ஒரு நொடிதான்.

அவள் அப்பாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. லீவு முடிந்து வேலைக்குப் போனவர் கப்பலிலிருந்து பேசும்போதெல்லாம், பெரியம்மா வீட்டில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறாள் என்கிறேன். பொய் எனக்குச் சரளமாக வருகிறது.

சும்மா சும்மா ஐஸ் தின்றால் ரத்தம் குறைவாக இருக்கலாம், கவனியுங்கள் என்று லேபுக்குப் புதிதாக வருகிற பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். ஊதா மூடிக் குழாய் ஒன்று அன்று என் கைப்பையிலேயே கிடந்தது.

மாத்திரையை டீயோடு கொடுக்காதே, சத்து ஒட்டாது. குமட்டுகிறது என்று நிறுத்தப் பார்ப்பாள், விடாதே. அடுத்த மாதம் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வார்கள். அவளுக்கு ஊசி என்றால் சின்ன வயசிலிருந்தே நடுக்கம். அன்று என்னிடம் கையை நீட்டியபோது மட்டும் நடுங்கவில்லை. ஊசியைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் அங்கே எடுக்கும்போது நீ அவள் கண்ணெதிரே நில். நான் சொன்னதாகச் சொல்லாதே.

என் பிள்ளை உடம்பு தேறி எழுந்தால் போதும். அவளை அனுப்பிவை என்று கேட்க எனக்கு முகமில்லை. சாவியை மட்டும் பழையபடி செருப்பு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்.

உன் தங்கை